விருதுநகரில் ஆறிய காபி

அந்த மோட்டார் சைக்கிள் என்னிடம் வந்து சேர்ந்தபோது மதுரையில் எங்கள் தெருவில் அதைப் பற்றி இரண்டே அபிப்பிராயங்கள் இருந்தன. ஒன்று, அது வெடிக்கும். இன்னொன்று, அது வெடிப்பதற்குள் நான் விழுந்துவிடுவேன். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடமிருந்து கைமாறி, வேறொருவர் கையில் கொஞ்ச காலம் சீரழிந்து, பிறகு எனக்கு வாய்த்த வண்டி அது. எஞ்சினுக்கு எண்ணெயைக் கையால் பம்பு அடித்து அனுப்ப வேண்டும். கவனிக்காமல் விட்டால் கோபித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிடும். எங்கள் அப்பாவோடு இருந்து பழகியவனுக்கு அது ஒன்றும் புதிதாகப் படவில்லை.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போடுவதற்கு முந்திய காலம். ஆனிக் கடைசியில் குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்திருக்கிறது என்று ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். ஆபீசில் நாலு நாள் லீவு கிடைத்தது. தனியாக வண்டியிலேயே போய், அருவியில் குளித்து, செங்கோட்டையைத் தாண்டி மலைப்பாதையில் ஆரியங்காவு வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். ரயில் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்காத ஆள் தெருவில் பாக்கி இல்லை. எதற்கு என்று எனக்கும் தெரியாது. அந்த வயதில் எதற்கு என்று தெரிந்துகொண்டுதான் செய்வது என்றால் பாதிக் காரியம் நடக்காது.

அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நான் புறப்படுகிற அன்று விடியற்காலையில், முதல் நாள் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னாலிருந்து பேசினார்.

"தென்காசி வழியாத்தான போவே?"

"ஆமா. வேற வழி ஏது?"

"அந்தத் தெருப்பக்கம் போவாத."

"சரி."

பத்திரிகை ஒரு பக்கம் திரும்பியது.

"அப்பிடியே போனாலும் படி ஏறாத. வாசல்ல நின்னு ஆளு எப்பிடி இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்துரு. கை நனைக்காத."

போகாதே என்று ஆரம்பித்துப் பார்த்துவிட்டு வா என்று முடிந்த உத்தரவு அது. கோர்ட்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவர் இப்படி ஒரு உத்தரவை எழுதிக் கொண்டுபோயிருந்தால் ஜட்ஜு திருப்பி அனுப்பியிருப்பார். அடுப்படியிலிருந்து அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தத் தெருவில் இருந்தது என் அத்தை. அப்பாவுக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். தென்காசியில் வயலும் வீடுமாக இருந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டிய தாய்மாமன் எங்கள் அப்பா. எனக்குப் பரீட்சை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அதனால் சீர்வரிசைத் தட்டோடு அப்பா மட்டும் ரயிலேறினார்.

மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகிறவர்கள் விருதுநகரில் இறங்கி வண்டி மாற வேண்டும். அப்பா இறங்கினார். காபி வாங்கினார். காபி ஆறியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள், அல்லது குடிக்காமல் போயிருப்பார்கள். அப்பா நியாயம் கேட்டார். காபி என்றால் என்ன, அது எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், காசு வாங்குகிறவனுக்கு என்ன கடமை என்றெல்லாம் விளக்கினார். கடைக்காரர் கடைசியில் தோற்றுப்போய், மறுபடி கொதிக்கவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதை அப்பா ஆற்றிக்கொண்டிருக்கும்போது தென்காசி வண்டி புறப்பட்டுப் போய்விட்டது. அடுத்த வண்டி மறுநாள் காலையில்தான்.

முகூர்த்த நேரம் யாருக்காகவும் நிற்காது. அத்தைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரைத் தாய்மாமன் இடத்தில் நிறுத்திக் காரியத்தை முடித்துவிட்டார்கள். அப்பா பந்தலுக்குள் நுழைந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. சீர்த்தட்டைப் பந்தல்காலடியில் வைத்தார். வீட்டுப் படி ஏறவில்லை, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்படியே திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார். தனக்காகக் காத்திருக்கவில்லையே என்று அவருக்கு. கை நனைக்காமல் போய்விட்டானே என்று அத்தைக்கு. அதோடு பேச்சு நின்றது. போக்குவரத்தும் நின்றது. இருவருக்கும் வயது ஏறிக்கொண்டே இருந்தது. இதில் யார் முந்திக்கொண்டாலும் மிச்சமிருக்கிறவர் காலம் முழுக்க மனம் வெந்துதான் கிடக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை அந்த இருவரிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை.

வண்டி அன்று என் பேச்சைக் கேட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நான் ஒரு ராஜாவாகத்தான் போனேன். ராஜபாளையத்தில் ஒரு வண்டிமாடு என்னைப் பார்த்து மிரண்டு வாய்க்காலுக்குள் இறங்கியது. வண்டிக்காரர் என் வம்சத்தையே விசாரித்தார். அதன் பிறகு ராஜ தோரணை கொஞ்சம் குறைந்தது. துரைமார்கள் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டுவது ஒயிலுக்கு என்று நினைத்திருந்தேன். அது எதற்கு என்று வாசுதேவநல்லூரில் புரிந்தது. புழுதியும் காற்றும் பட்டுக் கண் இரண்டும் கோவைப்பழமாகி, தண்ணீர் கொட்டியபடியே இருந்தது. தொண்டையில் ரோட்டுப் புழுதி பூராவும் உட்கார்ந்திருந்தது. கடையநல்லூரைத் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. அது முகத்துக்கு இதமாக இருந்தாலும், என் மேலிருந்த புழுதியையெல்லாம் சேறாக்கிவிட்டது. தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு தென்காசிக்குள் நுழைந்தேன்.

அந்தத் தெருப்பக்கம் போகாதே என்ற முதல் உத்தரவைத் தெருமுனையிலேயே மீறினேன். இரண்டாவது உத்தரவையாவது காப்பாற்றுவோம் என்று, அத்தை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழேயே நின்றேன். முழங்கால் வரைக்கும் சேறும் எண்ணெயுமாக இருந்ததால் படி ஏறுகிற மாதிரியும் இல்லை. பெரியவர்களைப் பார்க்கிற மரியாதைக்குத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அத்தை வெளியே வந்தாள். என்னை அடையாளம் தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்ததும் முகம் மலர்ந்தது. பிறகு அந்த மலர்ச்சி அப்படியே நின்றுவிட்டது.

"ஏலே, நீயா? தனியாவா வந்தே? ஏன் அங்கனயே நிக்க? உள்ள வா."

நான் வரமாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"வீட்ல எல்லாரும் சொகந்தான? அண்ணன் எப்பிடி இருக்காவ?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். புழுதி அடைத்த தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தண்ணீர் வேண்டும் என்று கையால் சைகை காட்டினேன்.

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் சாவைக் கேதம் என்பார்கள். கேதத்தைக் கடிதாசியில் எழுதி அனுப்புகிற வழக்கம் கிடையாது. ஆள்தான் போய்ச் சொல்ல வேண்டும். கேதம் சொல்ல வருகிறவன் முன்கூட்டித் தகவல் இல்லாமல் தனியாக வருவான். உள்ளே கூப்பிட்டாலும் படி ஏறமாட்டான். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்வான். கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டான். இது அத்தனையும் எனக்கும் தெரியும். ஆனால் நூறு மைல் வண்டி ஓட்டி வந்தவனுக்கு, தான் யாரைப்போல நிற்கிறோம் என்று நினைத்துப் பார்க்க மூளையில் இடம் ஏது?

எதிர்வீட்டுப் பெரியம்மை ஒருத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அந்தத் தெருவில் எந்தச் சாவானாலும் மாரடிப்பில் முதல் குரல் அவளுடையது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். இன்னும் நாலைந்து பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்த இடத்தில் இப்படி அழுகிறார்களே, யாருக்கு என்ன என்று சுற்றிலும் பார்த்தேன். மாமாவைக் காணவில்லை. எப்போதும் வாசல் பக்கமே இருக்கிற மனிதர். சரி, மாமாதான் போய்விட்டார் போலிருக்கிறது, நான் சரியாகச் சாவு வீட்டுக்குள் வந்து நுழைந்திருக்கிறேன் என்று முடிவு கட்டினேன். சின்ன வயதில் எனக்குப் பம்பரம் செதுக்கிக் கொடுத்தவர். வண்டியின் சீட்டில் தலையைச் சாய்த்து நானும் அழுதேன். நான் அழுததைப் பார்த்ததும் கொஞ்சம் சந்தேகமாக இருந்தவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்து போயிற்று.

எத்தனை நேரம் போயிற்றோ, தோளில் மண்வெட்டியும் காலில் வயல் சேறுமாக மாமா ஓடிவந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "எப்பம்லே ஆச்சு?" என்று கேட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். செத்துப்போனவர் என்று நினைத்து நான் அழுதுகொண்டிருந்த ஆள் என் தோளில் முகத்தை வைத்து அழுகிறார். அப்போதுதான் எனக்குக் கண்ணீர் நின்று காது திறந்தது. அத்தை என்ன சொல்லி அழுகிறாள் என்று கேட்டேன்.

"ஆறிப்போன காப்பிக்கு நின்னியே, அண்ணா, எம் பிள்ளை முகூர்த்தத்துக்கு நிக்காமப் போனியே. பந்தல் மட்டும் வந்தியே, அண்ணா, படி ஏற மனசில்லாமப் போனியே."

எங்கள் வம்சத்தில் ஆறிப்போன காபிக்கு நின்றவர் ஒருவர்தான். அந்த ஒருவர் அன்று காலையில் பத்திரிகைக்குப் பின்னால் முழு ஆரோக்கியத்தோடு இருந்தார்.

நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும் சொன்னேன். தொண்டையிலிருந்து பாதிக் குரல்தான் வந்தது. "அப்பா நல்லாத்தான் இருக்காவ" என்றேன். "பாவம், பிள்ளைக்குப் புத்தி தடுமாறிட்டு" என்று சொல்லி ஒருத்தி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது அத்தை அடுத்த அடியை எடுத்தாள்.

"உள்கூடத்துல உனக்குன்னு எலை போட்டு வச்சிருந்தனே, அண்ணா. தாய்மாமன் எலைன்னு ஒருத்தரையும் ஒக்கார விடலியே. அந்தி மட்டும் அந்த எலையை எடுக்க விடலியே. நீ வருவ வருவன்னு நானும் பச்சைத் தண்ணி குடிக்கலியே. படி ஏறி ஒரு எட்டு உள்ள வந்திருந்தா பாத்திருப்பியே, அண்ணா, பாத்திருப்பியே."

இந்த இலை விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏழெட்டு வருஷமாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிற அண்ணனிடம் சொல்ல ரோஷம் விடவில்லை. செத்துப்போன அண்ணனிடம்தான் சொல்ல முடிந்தது. எனக்கு மறுபடி கண் கலங்கியது. இந்த முறை காற்றைக் குறை சொல்ல முடியாது.

இனியும் விட்டால் பாடை கட்டிவிடுவார்கள் என்று தோன்றியது. வண்டியில் ஏறி ஓங்கி ஒரு உதை கொடுத்தேன். எஞ்சின் போட்ட சத்தத்தில் ஒப்பாரி நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு, வந்த குரலையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"அத்தை, அப்பா சாகல. காலையில என்கிட்ட பேசினாவ. நான் குத்தாலத்துல குளிக்க வந்தேன்."

எதிர்வீட்டுப் பெரியம்மை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பொறவு என்ன எளவுக்குல வாசல்லயே நின்னே?" என்று கேட்டாள். படி ஏறக்கூடாது என்று அப்பா சொன்னதைச் சொன்னேன். அத்தை தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்திருக்க வேண்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போதுதான் மாமா தலையில் கை வைத்தார். கடையத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகளுக்குக் கேதம் சொல்ல, பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சைக்கிளில் புறப்பட்டுப் போய்விட்டாராம். தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடந்தது அந்த மகளுக்குத்தான். நான் வண்டியைத் திருப்பினேன். சாவுச் செய்தியைத் துரத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனவன் அந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மத்தளம்பாறை தாண்டி அவரைப் பிடித்தேன். ஒல்லியான மனிதர். சைக்கிளை விட்டு நிதானமாக இறங்கினார்.

"அண்ணாச்சி, கேதம் இல்ல. எங்க அப்பா உசுரோட இருக்காவ."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்லுதேன். அவுக மகன்."

"அப்பம் செத்துட்டாவன்னு சொன்னது யாரு?"

"அதுவும் நான்தான். ஆனா நான் சொல்லல."

இதை அவர் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார்.

"தம்பி, கேதம்னு கெளம்புனவன் பாதியில திரும்பப்பிடாது. திரும்புனா அது நம்ம வீட்டுக்கு வந்துரும். போயி ஏதாவது சொல்லித்தான் ஆவணும்."

"என்ன சொல்லுவீய?"

"சொகமா இருக்காவன்னு சொல்லுதேன்" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சுகம் என்றுதானே சொல்லப்போகிறார் என்று நானும் திரும்பிவிட்டேன். கடையத்தில் வாசலோடு நின்று, துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "மதுரை மாமா சொகமா இருக்காவ" என்று முறைப்படி சொல்லியிருக்கிறார். ஒருவர் சுகமாக இருக்கிறார் என்று சொல்ல யார் ஆள் அனுப்புவார்கள்? அந்த மகள் அதைக் கேட்டதும் வாய்விட்டு அழ ஆரம்பித்தவள், மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வழியெல்லாம் அழுதபடி சாயங்காலம் தென்காசிக்கு வந்து சேர்ந்தாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்கு மறுபடி தொண்டை கட்டிவிட்டது.

நான் கடையம் ரோட்டிலிருந்து திரும்பியபோது வாசலில் இரண்டு வண்டி பூட்டி நின்றது. அழுதவர்கள் தலை முழுகாமல் அடுப்படிக்குள் போகக்கூடாது. ஆள் சாகவில்லையே என்று மாமா சொல்லிப் பார்த்திருக்கிறார். "செத்தாலும் சாகாட்டாலும் அழுத அழுகை அழுகைதான்" என்று பெரியம்மை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் சிற்றாறு ஓடுகிறது. ஆனால் சாரல் காலத்தில் ஒரு நல்ல சாக்குக் கிடைத்தால் ஆற்றோடு நிற்க யாருக்கு மனம் வரும்? தெருப்பெண்கள் எல்லாரும் குற்றாலத்துக்கே புறப்பட்டுவிட்டார்கள். நான் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு போனேன்.

பேரருவியில் நல்ல தண்ணீர். ஆண்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு மாமாவிடம், "யாருக்குக் கேதம்?" என்று விசாரித்தார்.

"யாருக்கும் இல்ல."

"பொறவு?"

"எங்க மச்சினன் ஒருத்தர் மதுரையில சொகமா இருக்காரு. அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மாமா அருவிக்குள் தலையைக் கொடுத்தார்.

குளித்து முடித்து ஈரத்தலையோடு நின்ற அத்தையிடம் நான் மெதுவாகப் போனேன். அவள் அருவியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் அழுதேன்னு அவன்கிட்ட நீ சொன்னேன்னு வையி, அந்தச் சனியன் வண்டியைத் தூக்கி இந்தத் தண்ணியில போட்டுருவேன்."

"நெசமாத்தான அழுதீய?"

"அவனுக்கா அழுதேன்? கூடப்பொறந்தவ அழலைன்னா தெருவுல நாலு பேரு நாக்கப் பிடுங்கிக்கிடுத மாதிரி கேப்பாவ. அதுக்காவ அழுதேன்."

"எலை போட்டு அந்தி மட்டும் வச்சிருந்ததும் நாலு பேருக்காவத்தானா?"

அத்தை முடியை ஒருமுறை பிழிந்தாள். பிழிந்த முடியையே மறுபடி பிழிந்தாள்.

ஆரியங்காவுக்கு நான் போகவில்லை. இரண்டு நாள் அத்தை வீட்டிலேயே இருந்து, கை நனைக்காதே என்ற கடைசி உத்தரவையும் மூன்று வேளையும் மீறினேன். மறுநாள் அத்தை பண்பொழிக்குப் போய், திருமலைக் குமாரசாமியின் மலைப்படிகள் அத்தனையும் மூட்டு வலியோடு ஏறி இறங்கினாள். எதற்கு நேர்ந்துகொண்டாய் என்று மாமா கேட்டதற்கு, பசுமாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றாள். மாடு தொழுவத்தில் நின்று வஞ்சகமில்லாமல் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

மதுரைக்கு வந்தபோது அப்பா பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார்.

"வாசல்ல நின்னியா?"

"நின்னேன்" என்றேன். அதற்கு மேல் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். அத்தை போட்ட உத்தரவை அம்மா காபி கொண்டுவருகிற வரைக்கும் காப்பாற்றினேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று தோள் குலுங்கச் சிரித்தார். தன் ஒப்பாரியைத் தானே கேட்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

"நல்லா அழுதாளா?"

"தெருவே அழுதுது."

"தெரு கெடக்கட்டும். அவ அழுதாளா?"

"அழுதாவ."

"காப்பியைச் சொன்னாளா?"

"மொதல்ல அதைத்தான் சொன்னாவ."

"அது ஆறித்தாம்ல போயிருந்துச்சு" என்றார். அந்த வழக்கை அவர் இன்னும் விடவில்லை.

இலையைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "எந்த எலை?" என்றார். உள்கூடத்து இலை, யாரையும் உட்காரவிடாமல் அந்தி வரை போட்டுவைத்திருந்த இலை என்றேன். பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பந்தல்ல எல்லா எலையிலயும் ஆளு இருந்துது. எனக்குன்னு ஒரு எலைகூடப் போடலியேன்னு நெனைச்சேன்" என்றார். காத்திருக்கவில்லை என்று அவர் இத்தனை வருஷம் சொல்லிவந்ததற்கு உள்ளே இருந்தது இதுதான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாவமாக இருந்தது.

அந்த வாரமே ரயிலுக்குப் புறப்பட்டார். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "உன் வண்டியைக் கண்டா மறுபடியும் ஒக்காந்து அழ ஆரம்பிச்சிருவாளுவ. நீயும் ரயில்ல வா" என்றார். விருதுநகரில் இறங்கித் தென்காசி வண்டிக்கு மாறினோம். காபிக்காரர் ஜன்னலோரமாக வந்து கூவினார். தூக்குச் சட்டியிலிருந்து ஆவி பறந்தது. அப்பா வாயை இறுக்க மூடிக்கொண்டு, ரயில் புறப்படும் வரைக்கும் எதிர்ப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகம் அது என்று நினைக்கிறேன்.

அத்தை வீட்டுத் தெருவுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு வாசலிலும் ஆள் முளைத்தது. எதிர்வீட்டுப் பெரியம்மை, தான் அழுதது வீணாய்ப் போனதைக் கண்ணாரப் பார்த்தாள். மாமா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னார். அப்பா நகரவில்லை. இத்தனை தூரம் வந்தவர் அந்தப் படிக்குக் கீழே நின்றுவிட்டார். கூப்பிட வேண்டியவள் கூப்பிடட்டும் என்று நின்றார். கூப்பிட வேண்டியவள் வெளியே வரவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி அருவிக்கு அடியில் நிறுத்தினால் என்ன என்று தோன்றியது.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. மாமாவிடம் சொல்வது போலத் தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

"கேதம் சொல்ல வந்தவுகதான் வாசல்லயே நிப்பாவ. உசுரோட வந்தவுகளுக்கு உள்கூடத்துல எலை போட்டாச்சு."

அப்பா செருப்பைக் கழற்றினார். படி ஏறினார். உள்கூடத்தில் ஒரே ஒரு இலை போட்டிருந்தது. எனக்கும் மாமாவுக்கும் பிறகுதான் என்று அத்தை கையைக் காட்டி எங்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டாள். அப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளங்கையில் தண்ணீரை வாங்கித் தெளித்தார். அத்தை சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா ஒரு கவளம் வாயில் போட்டு மென்றார். அவர் குறை சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"கொழம்புல உப்பு கொறச்சலா இருக்கு" என்றார்.

"இருந்த உப்பு பூராவும் அன்னைக்கே கண்ணு வழியா போயிட்டு" என்றாள் அத்தை.

அப்பா தலை குனிந்தபடியே இலையின் ஓரத்தைக் கையால் தட்டி, இன்னும் சோறு போடும்படி காட்டினார். மறுசோறு வாங்கி, அந்தக் குழம்பையே ஊற்றச் சொல்லி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். கடைசியில் இலையைத் தன் பக்கமாக மடித்தார். உறவு நீடிக்கட்டும் என்று நினைக்கிறவர்கள் அப்படித்தான் மடிப்பார்கள். சாவு வீட்டில்தான் எதிர்ப்பக்கம் மடிப்பது.

வீட்டில் வேலை செய்கிறவள் இலையை எடுக்க வந்தாள். அத்தை அவளைத் தடுத்துவிட்டுத் தானே குனிந்து எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனவள் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.